வலிக்காத முழங்காலுக்குப் பதினோரு வருட ஜெபம்

என் இரண்டு முழங்கால்களும் நன்றாகவே இருந்தன. இதைச் சொல்லித்தான் நான் தொடங்க வேண்டும்.

1996-ஆம் ஆண்டு மார்ச் மாதக் கடைசிச் சனிக்கிழமை. பிற்பகல் இரண்டு மணி இருக்கும். மதுக்கரைக்கு மேற்கே ஒரு மலையின் தோளில், வலியே இல்லாத அந்த இரண்டு கால்களோடு நான் நின்றுகொண்டிருந்தேன். கையில் ஒரு கைத்தடி. எனக்கு எதிரே ஒரு குறுகிய பாறை. அதன் நடுவில் நம் சபையைச் சேர்ந்த ஓர் அம்மா கணுக்கால் பிசகி, எழ முடியாமல் உட்கார்ந்திருந்தார். மேற்கே வானம் கறுத்துக்கொண்டு வந்தது. கூப்பிடு தூரத்தில் வேறு ஆள் இல்லை. நான் போக வேண்டும். என்னால் போக முடியவில்லை. காரணம் பயம். அந்தப் பயத்தைப் பற்றி அதுவரை நான் யாரிடமும் வாய் திறந்ததில்லை.

எனக்கு இப்போது அறுபத்தாறு வயது. ஓர் அரசு அலுவலகத்தில் தலைமை எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன். போத்தனூரில் குடியிருக்கிறேன். பி.ஏ. படித்தவன், கையெழுத்து நன்றாக இருக்கும் என்பதால் சபையில் என்னைச் செயலாளராக வைத்திருந்தார்கள். அறிவிப்புகள் எழுதுவேன். சிறுவர்களுக்கு உண்மை பேசுவதைப் பற்றி வேதபாடம் நடத்துவேன்.

ஈஸ்டருக்கு முந்தின லெந்து காலத்தில் ஒரு சனிக்கிழமை எங்கள் சபையார் உபவாசத்தோடு மலையேறுவது வழக்கம். உச்சியில் சமதளமான ஒரு பாறை இருக்கிறது. அதை ஜெபப் பாறை என்போம். அங்கே முழங்கால் படியிட்டு, சபையார் எல்லாருடைய விண்ணப்பங்களையும் ஒவ்வொன்றாக வாசித்து ஜெபிப்பார்கள். முந்தின வாரமே வீடு வீடாகக் கேட்டு அந்தப் பட்டியலை எழுதுவது செயலாளர் வேலை.

மலையின் தோள் வரை சிரமமில்லை, ஒற்றையடிப் பாதை இருக்கிறது. அங்கிருந்து ஜெபப் பாறைக்குப் போக முதுகுப் பாறையைத் தாண்ட வேண்டும். அறுபது காலடி நீளம். அகலம் ஒரு வயல் வரப்பு அளவு, சில இடங்களில் அதுவும் இல்லை. வடக்கே செங்குத்தாக இறங்கும். தெற்கே வழுக்குச் சரிவு, அடியில் முள்காடு. நடுவில் ஓரிடத்தில் பாறை பிளந்து மார்பளவு ஆழத்துக்கு ஒரு வெட்டு இருக்கிறது. அதில் இறங்கி மறுபக்கம் ஏற வேண்டும். பாலக்காட்டுக் கணவாயிலிருந்து வரும் காற்று அந்த இடத்தில் ஆளைத் தள்ளும். ஆடு மேய்க்கிறவர்கள் அதன்மேல் பேசிக்கொண்டே நடந்து போவார்கள். நம் சபைப் பெண்கள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு போய்விடுவார்கள்.

1985-இல், செயலாளரான முதல் வருடம், நான் பட்டியலோடு அந்தத் தோள் வரை ஏறினேன். முதுகுப் பாறையில் ஒரு காலை வைத்தேன். இரண்டு பக்கமும் ஒன்றுமில்லை. தென்னந்தோப்புகள் பாய் விரித்ததுபோல எங்கேயோ அடியில் தெரிந்தன. கால்கள் ஆட ஆரம்பித்தன. அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

பின்னால் வந்த ஒருவர் கேட்டார். "என்னங்கய்யா, மூட்டுங்களா?"

"ஆமாங்க," என்றேன்.

ஒரே சொல். அவ்வளவுதான் நான் செய்தது. பட்டியலை அவரிடம் கொடுத்தேன். அவர்கள் தாண்டிப் போனார்கள். கொஞ்ச நேரத்தில் காற்றோடு அவர்கள் ஜெபம் வந்தது. முதல் விண்ணப்பமே என் முழங்காலுக்கு. பட்டியலில் இல்லாததை அவர்களாகவே சேர்த்திருந்தார்கள்.

இறங்கும்போது நான் நொண்டினேன். நொண்டாமல் வேறு என்ன செய்வது?

அடுத்த வருடம் அந்த விண்ணப்பத்தை என் கையாலேயே எழுதினேன். அதற்கடுத்த வருடமும் எழுதினேன். கைத்தடி ஒன்று வாங்கினேன். சபையார் வீட்டுக்கு வந்து விசாரித்தார்கள். பாலக்காட்டிலிருந்து ஒருவர் தைலம் கொண்டு வந்தார். இன்னொருவர் வேறு எண்ணெய் கொண்டு வந்தார். அவர்கள் பார்க்கும்படி என் மனைவி சலோமி அதைச் சூடு பண்ணி என் காலில் தேய்ப்பாள். அவளுக்கு மட்டும் தெரியும். கல்யாணமான புதிதில் ஒரு தண்ணீர்த் தொட்டியின் ஏணியில் நான் பாதியில் நின்று அழுததைப் பார்த்தவள் அவள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வீட்டுக்கு நடந்து வரும்போது கேட்டாள். "ஏனுங்க, போன வாரம் வலது காலைத்தானுங்களே நொண்டினீங்க?"

நான் காலை மாற்றி நொண்டினேன்.

"ஒரு காலண்டர்ல எழுதி வெச்சுக்குங்க," என்றாள். "எனக்கே குழப்பமா இருக்குது."

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. "பாவம் மரகதக்கா. அவங்க மத்தியானம் சோறு திங்கறதில்லீங்க," என்றாள்.

மரகதம் அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். மதுக்கரைப் பக்கம் ஒரு காலனியில் குடியிருக்கிறார். சின்ன வயதிலிருந்து தோட்டங்களில் களை எடுத்தவர். பிறகு கிணத்துக்கடவில் ஒரு தேங்காய்க் களத்தில் வேலைக்குப் போனார். என்னைவிட ஏழெட்டு வயது இளையவர். எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் விண்ணப்பப் பட்டியலை ஒரு முறை வாசிக்கக் கேட்டால் வரிசை மாறாமல் திருப்பிச் சொல்வார். லெந்து காலத்துச் சனிக்கிழமைகளில் என் முழங்காலுக்காக உபவாசம் இருந்தார். மலை ஜெபம் முடிந்து எல்லாரும் திரும்பிய பிறகும், அந்தப் பாறையிலேயே தனியாக ஒரு மணி நேரம் இருந்து எனக்காக ஜெபிப்பார். இது எனக்குத் தெரியும். முதலில் தெரிந்தபோது, வெட்கத்தோடு சொல்கிறேன், எனக்குப் பெருமையாக இருந்தது.

இப்போது அந்தச் சனிக்கிழமைக்கு வருகிறேன்.

அன்று காலையிலிருந்தே புழுக்கம். வழக்கம்போல நான் தோள் வரை ஏறி உட்கார்ந்தேன். மற்றவர்கள் தாண்டிப் போய் ஜெபித்தார்கள். ஒரு மணிக்கெல்லாம் மேற்கே மேகம் கட்ட ஆரம்பித்தது. போதகர் எல்லாரையும் அவசரப்படுத்தி அழைத்து வந்தார். அடிவாரத்தில் கஞ்சி காய்ச்சி வைத்திருந்தார்கள்.

"மரகதக்கா இன்னும் முழங்கால்லயே இருக்குதுங்க," என்றாள் கடைசியாக வந்த பெண். "கூப்பிட்டா வர மாட்டேங்குது. சித்த நேரத்துல வந்துருமுங்க."

"நீங்க போங்க. நான் இருந்து கூட்டிட்டு வாரேன்," என்றேன்.

அவர்கள் பேச்சுச் சத்தம் பாதையில் தேய்ந்து போனது. நான் தனியாக இருந்தேன். அரை மணி நேரம் கழிந்திருக்கும். காற்று எழுந்தது. அப்போதுதான் அந்தக் குரல் கேட்டது.

"ஐயா. ஏனுங்கய்யா."

எழுந்து பார்த்தேன். மரகதம் அம்மா முதுகுப் பாறையில், நடு வெட்டுக்கு அந்தப் பக்கம், பாறையின் இருபுறமும் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். ஒரு கையால் கணுக்காலைப் பிடித்திருந்தார்.

"என்ன ஆச்சுங்க?"

"காலு பெரண்டுருச்சுங்கய்யா. ஊன முடியல."

"அங்கயே இருங்க. அசையாதீங்க."

"அசையறதுக்கு இங்க எங்கீங்க இடம்," என்றார்.

உட்கார்ந்தபடியே நகர்ந்து வர அவரால் முடிந்திருக்கும். வெட்டில் இறங்க முடியாது. அங்கே ஒற்றைக் காலை ஊன்றித்தான் இறங்க வேண்டும். கீழே நின்று தாங்க ஓர் ஆள் வேண்டும்.

"நான் போய் யாரையாவது கூட்டிட்டு வரட்டுங்களா?"

அவர் மேகத்தைப் பார்த்தார். அடிவாரம் இறங்க முக்கால் மணி. ஆள் ஏறி வர ஒரு மணிக்கு மேல். எனக்குத் தெரிந்த கணக்கு அவருக்கும் தெரியும்.

"மழை புடிச்சுக்குமுங்க. நனைஞ்சா இந்தக் கல்லு சோப்பாட்டம் ஆயிரும்," என்றார். பிறகு, "சரிங்க, போயிட்டு வாங்க. வேற என்ன பண்றது. மெதுவா போங்கய்யா. உங்க மூட்டு பத்திரம்."

நான் போனேன். இதை மறைக்காமல் எழுத வேண்டும். அவரை அங்கே விட்டுவிட்டு நான் திரும்பினேன். போவதற்கு ஒரு காரணம் கிடைத்ததே என்று என் உள்ளம் லேசானது. பத்துப் பன்னிரண்டு எட்டு இறங்கியும் விட்டேன். இறங்கிக்கொண்டே, "ஆண்டவரே, யாரையாவது அனுப்பும்," என்று ஜெபித்தேன். கீழே பார்த்துக் கூவினேன். காற்று என் குரலை எங்கேயோ கொண்டு போனது. ஒருவரும் வரவில்லை.

அப்போது மேலிருந்து அவர் சத்தம் கேட்டது. என்னைக் கூப்பிடுகிறார் என்று நினைத்தேன். இல்லை. அவர் ஜெபித்துக்கொண்டிருந்தார்.

"ஆண்டவரே, ஐயா கல்லுல எறங்கறாருங்க. அவரு மூட்டைத் தாங்கிக்குங்க. வலி தெரியாம கொண்டு போய் உடுங்க."

இடி ஒன்று எதிர் மலையில் உருண்டது. எனக்கு அதற்கு மேல் ஓர் எட்டு வைக்க முடியவில்லை. பாதை ஓரத்தில் ஒரு கல்லில் உட்கார்ந்தேன். எத்தனையோ வருடமாக ஜெபிக்கிறவன் நான், சொற்களுக்குக் குறைவில்லாதவன். அன்று எனக்கு வந்தது இவ்வளவுதான்: "ஆண்டவரே, என் மூட்டுக்கு ஒன்றுமில்லை. உமக்குத் தெரியும். நான் பயந்தாங்கொள்ளி. பொய்யன். எனக்குப் பயமாக இருக்கிறது. பயமாக இருக்கிறது." அந்தக் கடைசிச் சொல்லையே திரும்பத் திரும்பச் சொன்னேன். பதினோரு வருடத்தில் அவரிடம் நான் சொன்ன முதல் உண்மை அது.

பலம் ஒன்றும் வந்ததாகத் தெரியவில்லை. ஆனால் எழுந்தேன். மேலே ஏறினேன். கைத்தடியை ஒரு புதரில் வீசினேன். செருப்பைக் கழற்றினேன். வேட்டியை வரிந்து கட்டினேன். பாறையின் முனையில் நின்று சொன்னேன்.

"மரகதம்மா, என் மூட்டுக்கு ஒண்ணுமில்லீங்க."

"காத்துல கேக்கலீங்கய்யா."

ஆகவே அதைக் கத்திச் சொல்ல வேண்டியதாயிற்று. "என் மூட்டுக்கு ஒண்ணும் இல்ல. எப்பவுமே இருந்ததில்ல. எனக்கு இந்தப் பாறையைக் கண்டா பயம். அதனால பொய் சொன்னேன்."

அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். காற்றில் அவர் சேலைத் தலைப்பு படபடத்தது.

"அப்படீங்களா," என்றார் கடைசியில். மேகத்தைப் பார்த்தார். "அப்ப வாங்க."

அவர் சொல்லிக் கொடுத்தபடி செய்தேன். நிற்கக் கூடாது. குதிரைமேல் உட்கார்வதுபோல உட்கார வேண்டும். இரண்டு உள்ளங்கையையும் முன்னால் ஊன்றி, உடம்பைத் தூக்கி, ஒரு சாண் நகர்த்த வேண்டும். கண் கையைவிட்டு அப்பால் போகக் கூடாது. ஒரு சாண். இன்னொரு சாண். வெயிலில் காய்ந்த பாறை தொடையைச் சுட்டது. இடது பாதத்துக்கு அடியில் ஒன்றுமில்லை. வலது பாதத்துக்கு அடியிலும் ஒன்றுமில்லை. "ஆண்டவரே, இந்தக் கை. ஆண்டவரே, இந்தக் கை," என்று சொல்லிக்கொண்டே போனேன்.

வெட்டுக்குப் பாதி தூரத்தில் ஒரு காற்று வந்தது. பக்கவாட்டில் யாரோ தோளைக் கொடுத்துத் தள்ளுவதுபோல இருந்தது. நான் குப்புற விழுந்து பாறையைக் கட்டிக்கொண்டேன். கன்னம் கல்லில் அழுந்தியது. கண்ணைத் திறந்தேன். திறந்திருக்கக் கூடாது. கீழே கேரளா போகும் தண்டவாளத்தில் ஒரு ரயில் புழு ஊர்வதுபோல ஊர்ந்தது. அவ்வளவுதான். கை இறுகிவிட்டது. முன்னாலும் போக முடியாது, பின்னாலும் போக முடியாது. இங்கேயே விழுந்து சாகப் போகிறேன், என்னை நம்பி உட்கார்ந்திருக்கிற இந்த அம்மாவும் சாகப் போகிறார் என்று நினைத்தேன்.

"ஐயா, அழுகறீங்களா?"

"ஆமாங்க."

"அழுதுட்டே வாங்க. நின்னுக்காதீங்க."

"முடியலீங்க, மரகதம்மா. கை வர மாட்டேங்குது."

அவர் கண்ணை மூடிக்கொண்டார் போலிருக்கிறது, குரல் மாறியது. "ஆண்டவரே, அந்த மூட்டுச் சமாச்சாரத்தை உட்டுருங்க. அவருக்குப் பயமாமுங்க. இத்தனை வருசமா நமக்குத் தெரியாமப் போச்சு. அதைப் பாத்துக்குங்க."

சகோதர சகோதரிகளே, அந்த ஜெபத்துக்குப் பதில் வந்தது. எப்படி வந்தது என்று உள்ளபடியே சொல்கிறேன். என் பயம் போகவில்லை. துளியும் குறையவில்லை. ஆனால் வலது கை பிடியை விட்டது. விட்ட கை ஒரு சாண் முன்னால் போய் ஊன்றியது. நான் அதைச் செய்யவில்லை. என் கையை நானே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு இடது கை. அவ்வளவு வருடம் எல்லாரும் என் பெயரைச் சொல்லி ஜெபித்தார்கள். என் உண்மையான குறையைச் சொல்லி ஒருவர் ஜெபித்தது அதுதான் முதல் தடவை.

வெட்டை அடைந்தேன். காலால் துழாவி இறங்கினேன். உள்ளே நின்றதும் காற்று இல்லை. என் மூச்சு எனக்கே பெரிதாகக் கேட்டது. அந்தப் பக்க விளிம்பில் மரகதம் அம்மா உட்கார்ந்திருந்தார். நான் முதுகைப் பாறையில் சாய்த்து, ஒரு முழங்காலை மடக்கி நீட்டினேன்.

"இதும் மேல நல்ல காலை வெச்சு எறங்குங்க."

அவர் தயங்கினார். "உங்க மேல எப்படீங்கய்யா காலை வெக்கறது?"

"வெய்யுங்க அம்மணி. மழை வந்துட்டிருக்குது."

"ஸ்தோத்திரம்," என்று சொல்லிவிட்டு அவர் காலை வைத்தார். அவர் பாரம் முழுவதும் என் முழங்காலில் இறங்கியது. அது தாங்கியது. தாங்காமல் என்ன? அதற்கு ஒரு குறையும் இருந்ததில்லையே. அதே முழங்காலில் ஏறித்தான் அவர் இந்தப் பக்கம் போனார். பிறகு அவர் முன்னால், நான் பின்னால். இரண்டு பேரும் உட்கார்ந்தபடியே நகர்ந்தோம். நான் என் கையைப் பார்க்காமல் அவர் முதுகைப் பார்த்துக்கொண்டு வந்தேன். அது கொஞ்சம் எளிதாக இருந்தது.

மழை எதிர் மலையில் வெள்ளைத் திரையாக நின்றதை இரண்டு பேரும் பார்த்தோம். இடையில் ஒரு பள்ளத்தாக்குதான். காற்று எங்கள் பக்கம்தான் அடித்தது. ஆனாலும் நாங்கள் தோளுக்கு வந்து ஒரு பாறை இடுக்கில் ஒதுங்கிய பிறகுதான் அது வந்து கொட்டியது. வானிலை படித்தவர்கள் இதற்கு வேறு காரணம் சொல்லலாம். நான் அந்தப் பாறைமேல் இருந்தவன். யார் அதை நிறுத்திப் பிடித்தார் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

மழை விடுகிற நேரத்தில் போதகரும் இரண்டு ஆண்களும் எங்களைத் தேடி ஏறி வந்தார்கள். மரகதம் அம்மாவின் காலைப் பார்த்தார்கள், என்னைப் பார்த்தார்கள். தடியில்லாமல் நிமிர்ந்து நின்றுகொண்டிருந்தேன்.

"நீங்களா போய்க் கூட்டிட்டு வந்தீங்க? அந்த மூட்டை வெச்சுட்டா?" என்றார் ஒருவர்.

"சுகமாயிருச்சு," என்றார் மற்றவர். கைகளை உயர்த்தினார். "பதினோரு வருச ஜெபமுங்க. சுகமாயிருச்சு."

போதகர் கண் கலங்கி என் கைகளைப் பிடித்துக்கொண்டார். மூவரும் மழையில் நனைந்தபடி ஸ்தோத்திரம் செலுத்தினார்கள். நான் மரகதம் அம்மாவைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. அவரைத் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். நான் பின்னால் நடந்தேன், எந்தக் காலை நொண்டுவது என்று யோசிக்கத் தேவையில்லாமல்.

அடிவாரம் வருவதற்குள் அது அற்புதமாகிவிட்டது. சாயங்காலத்துக்குள் போத்தனூர் முழுக்கத் தெரிந்துவிட்டது. மறுநாள் குருத்தோலை ஞாயிறு. ஆராதனையில் நான் சாட்சி சொல்ல வேண்டும் என்று போதகர் ஆள் அனுப்பினார்.

அந்த இரவு நான் சாப்பிடவில்லை. பிசாசு என்னிடம் நல்ல தமிழில் பேசினான். நீ பொய் ஒன்றும் சொல்ல வேண்டாம், சும்மா நடந்து போய் முன்னால் நில், அவர்களே சொல்லிக்கொள்வார்கள் என்றான். சபையாரின் விசுவாசம் பெருகும். உன் பொய்யும் இன்றோடு சுத்தமாக முடிந்துவிடும். உண்மை தெரிந்த ஒரே ஆள் காலில் கட்டோடு வீட்டில் கிடக்கிறார். அவர் சொல்ல மாட்டார்.

அவர் யாரிடமும் சொல்லவில்லை என்பதுதான் என்னைக் குத்தியது. சொல்லியிருந்தால் எனக்கு எளிதாகப் போயிருக்கும்.

காலையில் சலோமி என் சட்டைப் பொத்தானைப் போட்டுவிட்டாள். "ஏனுங்க, இன்னைக்கு எந்தக் காலுங்க?" என்றாள்.

"ரெண்டும் இல்ல," என்றேன்.

அவள் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு அவளும் உடுத்திக்கொண்டு வந்தாள்.

குருத்தோலைகளோடு பிள்ளைகள் உள்ளே வந்தார்கள். போதகர் என்னை முன்னால் அழைத்தார். உட்கார்ந்திருந்தவர்களுக்கு எதிரே நின்றேன். முதுகுப் பாறையில் ஆடிய அதே மாதிரி கால்கள் ஆடின. எந்தப் பக்கம் பார்த்தாலும் விழுவேன் என்று தோன்றியது. "ஆண்டவரே, இந்தக் கை," என்று மனதுக்குள் சொன்னேன். கைக்கு அங்கே வேலையில்லைதான். எனக்குத் தெரிந்த ஜெபம் அதுதான்.

எல்லாவற்றையும் சொன்னேன். 1985-இலிருந்து சொன்னேன்.

யாரும் ஸ்தோத்திரம் சொல்லவில்லை. போதகர் வெகு நேரம் தலை குனிந்திருந்தார். அவர் முகத்தில் நான் கண்டது கோபமில்லை. முந்தின நாள் மழையில் அவர் அழுத அழுகைக்கு வெட்கப்பட்டார் என்று நினைக்கிறேன். அவரை அப்படி வெட்கப்பட வைத்தவன் நான். பிறகு, "ஜெபம் பண்ணுவோம்," என்றார். வெளியே வந்ததும் சிலர் என்னைத் தாண்டிப் பேசாமல் போனார்கள். தைலம் கொண்டு வந்து கொடுத்தவர் மட்டும் நின்றார்.

"அந்தத் தைலத்துல மிச்சம் இருந்தாக் குடுங்க," என்றார். "என்ற சம்சாரத்துக்கு நெசமாலுமே மூட்டு வலிங்க."

சலோமி அன்று மாலையே நாலு பாட்டிலையும் கொண்டு போய்க் கொடுத்தாள். செயலாளர் பொறுப்பை விட்டு விலகினேன்.

மறுநாள் மரகதம் அம்மா வீட்டுக்குப் போனேன். மன்னிப்புக் கேட்டேன். அவர் கட்டுப் போட்ட காலை நீட்டி உட்கார்ந்திருந்தார்.

"கேள்விப்பட்டனுங்க, சபையில சொன்னீங்களாம். சந்தோசமுங்க," என்றார். பிறகு, "எனக்கு இன்னும் கோவம் இருக்குதுங்கய்யா. பாறையில இருந்தப்ப நேரமில்ல. இப்ப இருக்குது. ஒரு வாரம் உட்டு வாங்க."

ஒரு வாரம் விட்டு, ஈஸ்டர் முடிந்து போனேன். காப்பி கொடுத்தார். அப்போதுதான் அவர் ஒரு வார்த்தை சொன்னார். அதை இங்கே எழுதாவிட்டால் இந்தச் சாட்சி முழுதாகாது.

பட்டியல் நீண்டுபோகிறது, மலையில் வாசித்து முடிக்க நேரமாகிறது என்று, ஒருவருக்கு ஒரு விண்ணப்பம்தான் என்று நான் ஒரு விதி வைத்திருந்தேன். மரகதம் அம்மாவிடம் கேட்கப் போகும்போதெல்லாம், "உங்க மூட்டுன்னே எழுதிக்குங்கய்யா," என்பார். நானும் எழுதிக்கொண்டு வந்துவிடுவேன்.

"ஒருத்தருக்கு ஒண்ணுதான்னு நீங்கதானுங்களே சொன்னீங்க," என்றார். "எனக்கு உள்ள ஒண்ணை உங்களுக்குக் குடுத்துப்போட்டேன்."

"உங்களுக்குன்னு கேட்டிருந்தா என்னங்க கேட்டிருப்பீங்க?" என்றேன்.

அவர் சிரித்தார். "மூட்டுதானுங்க. களையெடுத்த காலு. ரெண்டும் போய் ரொம்ப வருசமாச்சு. நீங்க நொண்டறதைப் பாத்து, பரவால்ல, நமக்குத் தொணைக்கு ஓராளு இருக்குதுன்னு நெனச்சுக்குவேன்."

நான் அந்தக் காப்பியைக் குடிக்க முடியாமல் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அதற்குப் பிறகு மூன்று லெந்து காலம் வந்து போய்விட்டது. ஒவ்வொரு வருடமும் முதுகுப் பாறையைத் தாண்டுகிறேன். உட்கார்ந்தபடிதான் தாண்டுகிறேன். இளைஞர்கள் பின்னால் நின்று, "ஐயா வண்டி கிளம்பிருச்சு, வழி உடுங்க," என்று கேலி செய்கிறார்கள். செய்யட்டும். பயம் இன்னும் இருக்கிறது. ஆனால் அதற்கு இப்போது வேறு பெயர் வைப்பதில்லை. ஜெபப் பாறையில் மரகதம் அம்மாவின் முழங்கால்களுக்காக நான் ஜெபிக்கிறேன். இன்னும் சுகமாகவில்லை. தொடர்ந்து கேட்கிறேன். என் கையை அந்தப் பாறையில் நகர்த்தியவர் இதையும் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்று நம்புகிறேன்.

இதை வாசிக்கிற உங்களை ஒன்று கேட்டுக்கொள்கிறேன். உங்களுக்குள் இருக்கிற பயத்தையோ பாவத்தையோ கர்த்தரிடம் அதன் சொந்தப் பெயரிலேயே சொல்லுங்கள். முடிந்தால் உங்களுக்காக ஜெபிக்கிற ஒருவரிடமும் சொல்லுங்கள். அவர் கேட்கிறார், பதில் தருகிறார், என்னைப் போன்றவனுக்கே தந்தார். நாம் மறைக்கிற ஒவ்வொன்றுக்கும் பதிலாக யாரோ ஒருவர் எங்கேயோ சுடுகிற கல்லின்மேல், நம்முடைய பொய்க்காக, வலிக்கிற முழங்காலோடு படியிட்டுக்கொண்டிருக்கிறார்.